பரதேசியாய் வாழும் தேசத்தைப் பார்த்திருக்கிறீர்களா?



ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் மும்பையிலுள்ள நம் சபைகளில் ஒரே பேச்சுதான். "ஐயா, டிக்கெட் கிடைத்துவிட்டது. மே முதல் வாரம் ஊருக்குப் புறப்படுகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்." மே மாதத்து ஞாயிறுகளில் ஆராதனைக் கூடத்தில் பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கும். வருஷமெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், வேலை செய்யுமிடத்தில் கெஞ்சி வாங்கிய பதினைந்து நாள் விடுப்பும் ஊர்ப் பிரயாணத்திலேயே செலவாகிவிடும். பெற்றோரைக் கனம்பண்ணுவதும் உற்றாரைச் சந்திப்பதும் நல்ல காரியங்களே. நானும் என் குடும்பத்தோடு அப்படியே சென்று வந்தவன்தான்.

ஆயினும் இருபது, முப்பது வருஷங்களாக இந்த மராட்டிய மண்ணில் குடியிருக்கும் நம்மில் எத்தனை பேர் இந்த மண்ணைப் பார்த்திருக்கிறோம்? வீடு, வேலை செய்யும் இடம், சபை, ரயில் நிலையம் ஆகிய நான்கையும் தவிர நாம் அறிந்தது என்ன? இந்தக் கேள்வியை நானாகக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பதினான்கு வருஷங்கள் ஆயின. பதிலோடு நான் போய் நின்றபோது அவர் உயிரோடு இல்லை.

காகாவின் அழைப்பு

1994-ஆம் ஆண்டு வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து இந்நகருக்கு வந்தேன். நாங்கள் வாடகைக்குக் குடியேறிய சாலில் அடுத்த அறையில் ஒரு மராட்டியப் பெரியவர் இருந்தார். பஞ்சாலைத் தொழிலாளி. 1982-ல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தவர். பிற்பாடு ஒரு கிடங்கில் காவல்காரராயிருந்து காலம் தள்ளினார். அவரை நாங்கள் 'காகா' என்றே அழைப்போம். குழாயில் தண்ணீர் வரும் விடியற்காலையில் என் மனைவியின் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைப்பவர் அவர். எங்கள் மகன் பிறந்த இரவில் டாக்சி பிடித்து வந்தவரும் அவரே.

மே மாதம் வந்தால் அவரும் ஊருக்குப் போவார். அவருடைய ஊர் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமம். 1997-ல் ஒருநாள், நான் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். "பாஸ்டர், உங்கள் ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில். என் ஊருக்கு ஒரு பகல் பேருந்து. என் வீட்டில் தங்கலாம், சாப்பாடும் உண்டு. ஒருமுறை வந்து பார்க்கக் கூடாதா? எங்கள் நாட்டில் இருக்கிறீர்கள், எங்கள் ஊரைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். "அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன், காகா" என்றேன்.

அந்த 'அடுத்த வருஷம்' பதினான்கு முறை வந்து போயிற்று. ஊரில் ஒரு திருமணம், சபையில் உபவாச ஜெபம், கன்வென்ஷன் கூட்டங்கள், பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவதொரு காரணம் இருந்தது. உண்மையான காரணம் வேறு. 'இது நம்முடைய ஊர் அல்ல' என்ற எண்ணம் என் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. நம் மூப்பர்களில் பலர் 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு விரோதமாய் எழுந்த கிளர்ச்சியின் கசப்பை ருசித்தவர்கள். 'நம்மவர்களோடு இரு, நம் பாஷையைப் பேசு, மற்றவர் வழிக்குப் போகாதே' என்பதே அவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஞானம். பயத்தில் பிறந்த அந்த ஞானம் என்னிடத்தில் பழக்கமாகவே மாறிவிட்டது.

2011-ல் காகா தம் கிராமத்திலேயே மரித்துப்போனார் என்ற செய்தி வந்தது. அப்போதுதான் முதல் தடவையாக சாத்தாரா பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பேருந்து. பிறகு சிறிது தூரம் நடை. வீட்டு வாசலில் அமர்ந்திருந்த அவருடைய தமையனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீர்தானா அந்த மதராசி பாஸ்டர்?" என்றார். ஒவ்வொரு மே மாதமும் காகா என்னைப்பற்றி வீட்டில் பேசுவாராம். சோளப் பாக்ரியும் பிட்லாவும் என் முன் வைத்தார்கள். துக்க வீட்டில் அந்நியனான எனக்குப் பரிமாறப்பட்ட அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்க மறுத்தது. பதினான்கு வருஷம் அடுத்த அறையிலிருந்த ஒரு ஆத்துமா தன் வீட்டைத் திறந்து அழைத்தது. சுவிசேஷகனாகிய நானோ போகவில்லை.

பரதேசிகள் கண்களை மூடிக்கொள்ளவில்லை

"நாம் இவ்வுலகில் அந்நியரும் பரதேசிகளும்தானே ஐயா, ஊர் சுற்றிப் பார்ப்பது விசுவாசிக்குத் தகுமா?" என்று சிலர் கேட்பதுண்டு. வேதம் என்ன சொல்லுகிறது?

ஆபிரகாம் வாக்குத்தத்த தேசத்திலே பரதேசியைப்போலச் சஞ்சரித்தான் (எபி. 11:9). அதே ஆபிரகாமிடம்தான் அத்தேசத்தின் நீளமும் அகலமும் எவ்வளவோ அவ்வளவும் நடந்து பார்க்கும்படி கர்த்தர் சொன்னார் (ஆதி. 13:17). நெகேமியா எருசலேமுக்கு வந்தவுடன் கட்ட ஆரம்பிக்கவில்லை. இராத்திரியிலே எழுந்து, இடிந்துபோன அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தான் (நெகே. 2:12-15). சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில், அங்கே வீடுகளைக் கட்டவும், தோட்டங்களை நாட்டவும், அந்தப் பட்டணத்தின் சமாதானத்திற்காக விண்ணப்பம்பண்ணவும் கட்டளை பெறுகிறார்கள் (எரே. 29:5-7).

நம் ஆண்டவரைப் பாருங்கள். அவர் பட்டணங்களையும் கிராமங்களையும் சுற்றி நடந்தார், ஜனங்களைக் கண்டார், கண்டபோது மனதுருகினார் (மத். 9:35, 36). எருசலேமுக்காக அவர் கண்ணீர்விட்டதும் அந்நகரைக் கண்டபோதே (லூக். 19:41). நடத்தல், காணுதல், மனதுருகுதல் என்ற ஒழுங்கை அவரிடத்தில் பார்க்கிறோம். நம்முடைய இராஜெபங்களில் "மகாராஷ்டிராவை இரட்சியும் ஆண்டவரே" என்று சத்தமிட்டு ஜெபிக்கிறோம். எந்த மகாராஷ்டிராவை? காணாத தேசத்திற்காகக் கண்ணீர் எளிதில் வருவதில்லை.

நடந்தே தேசத்தைக் கண்ட பெண்மணி

இத்தேசத்தை மிகக் குறைந்த செலவில் சுற்றிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் பண்டித ரமாபாய். 1858-ல் மேற்கு மலைத்தொடர்ச்சியில் பிறந்த அவர், சமஸ்கிருத பண்டிதரான தம் தகப்பனாரோடும் தாயாரோடும் சிறு வயது முதலே யாத்திரை ஸ்தலங்களுக்கு நடந்து திரிந்தவர். புராணம் வாசித்துப் பெறும் காணிக்கையே அக்குடும்பத்தின் ஜீவனம். 1870களில் சென்னை மாகாணத்துப் பஞ்சகாலத்திலே தகப்பன், தாய், மூத்த சகோதரி ஆகிய மூவரையும் இழந்தார். ஆம், அவர் அநாதையானது நம்முடைய தென்திசை மண்ணிலேதான். அதற்குப் பின்பு அவரும் அவருடைய சகோதரனும் பசியோடும் குளிரோடும் நடந்து வடதேசமெங்கும் திரிந்து, 1878-ல் கல்கத்தா சேர்ந்தார்கள்.

அந்த நடையில்தான் இந்நாட்டு விதவைகளின் கண்ணீரையும் பெண்பிள்ளைகளின் நிலைமையையும் அவர் கண்ணாரக் கண்டார். பிற்பாடு தாமே விதவையாகி, 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்று, 1889-ல் மும்பையில் சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கியதற்கும், 1890களின் பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து பூனாவுக்குக் கிழக்கேயுள்ள கேட்காவில் முக்தி மிஷனில் சேர்த்ததற்கும் வித்து அந்த நடைப்பயணமே. 1905-ல் அங்கே அப்பெண்களின் நடுவிலே ஆவியானவர் பலமாய் அசைவாடினார். அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல்தான் தொடங்கியது என்பதை நம் பெந்தெகொஸ்தே பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்பாகவே இந்த மராட்டிய மண்ணில் அக்கினி இறங்கியிருந்தது!

ரமாபாய் அம்மையார் வேதாகமத்தை எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து எளிய மராத்தியில் மொழிபெயர்த்து, முக்தியின் அச்சுக்கூடத்திலேயே பெண்களைக் கொண்டு அச்சிட ஏற்பாடு செய்தார். 1922-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

முந்நூறு ரூபாய்க்குள் ஒரு பிரயாணம்

காகாவின் மரணத்திற்குப் பின் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். வருஷத்திற்கு இரண்டு முறையாவது சபையிலுள்ள சில குடும்பங்களோடு இத்தேசத்தின் ஏதாவதொரு பகுதியைப் போய்ப் பார்ப்பது. பணக்காரர் நம் சபையில் அதிகமில்லை. வீட்டு வேலை செய்யும் சகோதரிகள், இட்லி வியாபாரம் செய்யும் சகோதரர்கள், பட்டறைத் தொழிலாளிகள் ஆகியோரே பெரும்பாலும். ஆகவே பிரயாணம் அவர்கள் கைக்கு எட்டுவதாயிருக்க வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் பதினேழு பேர் கேட்காவுக்குப் போனோம். விடியற்காலையில் முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் பூனா வரை 192 கிலோமீட்டர். பூனாவிலிருந்து தௌண்டு செல்லும் சாதாரண ரயிலில் கேட்காவ். புளியோதரையும் சப்பாத்தியும் வீட்டிலேயே கட்டிக்கொண்டோம். போகவும் வரவும் ஆட்டோவுக்கும் தேநீருக்கும் சேர்த்து, ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் செலவு முடிந்தது.

கர்ஜத் நிலையத்தில் மலை ஏறுவதற்காகப் பின்னால் கூடுதல் எஞ்சின்களை இணைத்தபோது, பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. போர் கணவாய் வழியாக 1863-ல் திறக்கப்பட்ட இப்பாதையை அமைத்தபோது ஆயிரக்கணக்கான கூலியாட்கள் நோயாலும் விபத்தாலும் மாண்டார்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். "அவர்களும் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களா ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "பலர் அப்படித்தான், அம்மா" என்றேன். ஒன்றும் பேசாமல் அந்தச் சுரங்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை கேட்காவ் நிலையத்து நடைமேடையில் அமர்ந்து ஜெபித்தோம். வழக்கமாக நம் மொழியில் மாத்திரம் ஜெபிக்கும் ஒரு வயதான தாயார், தாம் வேலை செய்யும் வீட்டில் கற்றுக்கொண்ட உடைந்த மராத்தியில் இம்மாநிலத்துப் பெண்களுக்காக மன்றாடினார்கள். அருகில் பொதியோடு உட்கார்ந்திருந்த ஒரு கிராமத்துப் பெண்மணி நெருங்கி வந்து, "என் மகளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். முப்பது வருஷ ஊழியத்தில் நான் ஒழுங்குசெய்த எந்தக் கூட்டத்திலும் அப்படியொருவர் தாமாக வந்து கேட்டதில்லை.

குறைந்த செலவில் செல்ல விரும்புவோருக்கு

அனுபவத்தில் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. அருகிலிருந்து தொடங்குங்கள். மும்பையின் லோக்கல் ரயிலே கர்ஜத், கசாரா, தஹாணு வரை கொண்டுபோகும். வசாய் கோட்டைக்குள் போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயங்களின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. 1739-ல் மராட்டியர் அக்கோட்டையைப் பிடித்தார்கள். செல்வாக்கும் அதிகாரமும் கொண்டு கட்டப்பட்டவை எப்படி முடிந்தன என்பதை அந்தக் கூரையற்ற சுவர்கள் பிரசங்கிக்கின்றன.

2. முன்பதிவு செய்வதானால் முந்திக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடைசி நாளில் தட்கலுக்கு ஓடினால் கூடுதல் பணம் போகும். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். கேட்காவிட்டால் பாதிக் கட்டணம்.

3. ஊர்ப் பிரயாணத்தையே இரட்டிப்பாக்குங்கள். போகும்போது சோலாப்பூர், குண்டக்கல் வழியாகப் போனால், திரும்பும்போது கொங்கண் பாதையில் வாருங்கள். 1998-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதை ஆறுகளையும் மலைகளையும் கடந்து செல்கிறது. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து அவ்வழியே வரும் ரயில்கள் உண்டு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரணச் சீட்டில், அந்தத் தூரத்தைக் கடந்தபின் வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கிச் செல்ல விதி இடங்கொடுக்கிறது. 1000 கிலோமீட்டருக்கு மேற்பட்டால் இரண்டு இடங்களில் இறங்கலாம். சீட்டு வாங்கும்போதே சொல்லி, அடுத்த பகுதிக்கும் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

4. நீண்ட சுற்றுக்கு 'சர்க்குலர்' சீட்டு. புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பி வரும்படியாக ஒரே சீட்டு வாங்கி, வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், தனித்தனிச் சீட்டுகளைவிட இது மலிவு. பெரிய நிலையங்களின் முன்பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. அரசுப் பேருந்தை மறவாதிருங்கள். மகாராஷ்டிர எஸ்.டி. பேருந்துகளில் 2023 மார்ச் முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 65 வயது கடந்தோருக்கும் பாதிக் கட்டணம். 75 வயது கடந்தோருக்கு 2022 முதல் இலவசம். நான்கு நாள், ஏழு நாள் என்று விருப்பமான இடமெல்லாம் செல்ல 'ஆவடேல் தேதே பிரவாஸ்' என்ற பாஸும் உண்டு.

6. தங்குமிடம். ரயில் நிலையங்களிலுள்ள ஓய்வறைகளிலும் பொதுப் படுக்கைக் கூடங்களிலும் சீட்டு உள்ளவர்கள் குறைந்த வாடகைக்குத் தங்கலாம். சபை மண்டபங்களிலும் மிஷன் விடுதிகளிலும் தங்க விரும்பினால், முன்கூட்டியே எழுதிக் கேட்டு, உரிய காணிக்கையைக் கொடுத்து, சுத்தமாய்ப் பெருக்கிவிட்டுப் புறப்படுங்கள். பவுல் தான் பிரசங்கித்த இடத்தில் ஒருவருக்கும் பாரமாயிராதபடிக்கு இரவும் பகலும் வேலைசெய்தார் (1 தெச. 2:9). ஏழைப் போதகர் ஒருவரின் வீட்டில் எட்டுப் பேராய் இறங்கி, மூன்று நாள் உண்டு, ஸ்தோத்திரம் சொல்லிப் புறப்படுவது சிக்கனமல்ல. அவருடைய பிள்ளைகளின் ஆகாரத்தை எடுத்துக்கொள்வதாகும்.

7. பத்து வார்த்தை மராத்தி கற்றுக்கொள்ளுங்கள். எருசலேமின் ஜனங்கள், பவுல் தங்கள் பாஷையில் பேசினதைக் கேட்டபோது அதிக அமைதலாயிருந்தார்கள் (அப். 22:2). 'காகா', 'தாயி' என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியூரில் இருந்தால், அங்குள்ள மராத்தி சபையில் ஆராதியுங்கள்.

மலிவு பாவமாகிவிடக் கூடாது

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது நிறைந்து நான்கு மாதம் ஆகியிருந்த சமயம், அவனுக்குச் சீட்டு வாங்காமல் ரயிலில் அழைத்துச் சென்றேன். பரிசோதகர் வயதைக் கேட்டபோது, "நான்கு" என்றேன். மடியிலிருந்த பிள்ளை, "இல்லை அப்பா, எனக்கு ஐந்து. கேக் வெட்டினோமே" என்றான். பரிசோதகர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். என் மகனோ சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். அரைச் சீட்டின் விலைக்கு என் சாட்சியை விற்றேன். அடுத்த நிலையத்தில் இறங்கி அவரைத் தேடிப் போய் அபராதத்தோடு கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

சீட்டின்றி ஏறுவது, பிள்ளையின் வயதைக் குறைப்பது, காத்திருப்புப் பட்டியல் சீட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறி மற்றவர் இடத்தில் உட்காருவது ஆகியவற்றால் மிஞ்சும் பணத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பதில்லை. பணம் போதாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள், உண்மையைக் குறைக்காதிருங்கள்.

மற்ற நகரங்களில் வாழ்வோருக்கு

மும்பையில் அல்லாத வாசகர்களுக்கும் இது பொருந்தும். கொல்கத்தாவிலுள்ளோர் ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் செராம்பூர் சென்றால், வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் 1818-ல் ஸ்தாபித்த கல்லூரியைக் காணலாம். ஹைதராபாத்திலுள்ளோர் பேருந்தில் மேதக் சென்று, பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு வேலையும் ஆகாரமும் கொடுத்துக் கட்டப்பட்டு 1924-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல், அம்மாநிலத்துப் பெண்களுக்குச் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமில்லை. கர்நாடகத்துப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் அதேபோன்ற சலுகை உண்டு. பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ரயில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாய் நம் ஜனங்கள் பூமியின் ஆழத்தில் உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. பிழைப்புக்காகப் புறப்பட்டு வந்த முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அங்கே காணட்டும்.

பலகையில் எழுதியிருந்தது

முடிவாக ஒரு காரியம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் வாலிபர்களோடு எலிபெண்டா தீவுக்குப் போனோம். மாற்று மதத்தாரின் சிற்பங்கள் உள்ள இடமாயிற்றே என்று சிலர் தயங்கினார்கள். பவுல் அத்தேனே பட்டணத்தில் ஆவியில் வைராக்கியம் கொண்டாலும், அங்குள்ளவைகளைக் கவனித்துப் பார்த்துத்தானே பிரசங்கித்தார் (அப். 17:16, 23) என்று சொல்லி அழைத்துச் சென்றேன்.

நுழைவுச் சீட்டு கொடுக்குமிடத்தில் ஒரு பலகை. இந்தியருக்கு 40 ரூபாய். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. எங்களுக்கு முன்பாக நின்ற வெளிநாட்டுத் தம்பதியர் வெகுதூரம் கடந்து வந்து, 600 ரூபாய் வீதம் மனமுவந்து கொடுத்து உள்ளே போனார்கள். நானோ அதுவரை இருபது வருஷங்களுக்கு மேலாக இந்நகரில் இருந்தும், 40 ரூபாய் கொடுத்து உள்ளே போனதில்லை. அந்தப் பலகை என்னை இந்நாட்டான் என்று எழுதி வைத்திருந்தது. நான்தான் என்னை அந்நியன் என்று எழுதி வைத்திருந்தேன்.

நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பரலோகத்திற்குப் போகும் வழியில் கர்த்தர் நம்மை நிறுத்தியிருக்கிற தேசம் இது. நம் பிள்ளைகள் பிறந்ததும், நம் மூப்பர்களை அடக்கம் பண்ணியிருப்பதும் இங்கேதான். வருகிற மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் சமாதானத்தோடு போய் வாருங்கள். போவதற்கு முன் ஒரு ஞாயிறு மாலையிலாவது பக்கத்து வீட்டாரிடம், "உங்கள் ஊர் எது? அங்கே எப்படிப் போவது?" என்று கேளுங்கள். அவர் வாருங்கள் என்று அழைத்தால், அடுத்த வருஷம் என்று சொல்லாதிருங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.